தரம் 1: தோட்டப் பாடசாலையா, நகரப் பாடசாலையா?

பிள்ளைக்கு ஐந்து வயது நெருங்கினால், இலங்கை மலையகத்தின் தலவாக்கலை, ஹட்டன் பக்கத்து லயங்களில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) இதே பேச்சுத்தான்.

வகுப்பு
தோட்டம்: ஒரு தரத்தில் பத்துப் பிள்ளைகள்கூட இல்லாத பாடசாலைகள் உண்டு.
நகரம்: பெயர் பெற்ற பாடசாலை என்றால் வாங்கு நிறைந்திருக்கும்.

எண்ணிக்கையைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். ஆசிரியர் போதாத இடத்தில் ஒருவரே இரண்டு மூன்று தரங்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கிறார். தரம் 3க்குக் கணக்கு விளக்கும் வேளையில் தரம் 1 சும்மா காத்திருக்கிறது. சேர்ப்பதற்கு முன் அதிபரிடம் கேட்க வேண்டியது, ஆரம்பப் பிரிவில் எத்தனை ஆசிரியர்கள் என்பதே. தரத்துக்கு ஒருவர் இருந்துவிட்டால், எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளை அன்றைக்கே கண்ணில் படும். பெரிய வகுப்பில் அதற்கு மாதங்கள் ஆகலாம்.

பிள்ளைகள்
தோட்டம்: பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்.
நகரம்: தமிழ்மொழிப் பாடசாலையில் வியாபாரிகள், அரச ஊழியர்கள், முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்திருப்பார்கள்.

செலவு
பாடநூலும் சீருடைத் துணியும் இரண்டிலும் இலவசம். நகரத்துக்குப் போய்வரும் வான் கூலிதான் வித்தியாசம். நாட்சம்பள வீட்டுக்கு அது சிறிய தொகையல்ல.

அனுமதி
நகரத்தில் வீட்டின் தூரத்துக்கும் புள்ளி உண்டு. தொலைவிலுள்ள லயத்து முகவரிக்கு அது பாதகம்.

தாய் விடியலில் கொழுந்துக்குப் போகும் வீடா, பாடசாலையில் ஆசிரியர்கள் போதுமா? தோட்டமே என் தெரிவு. ஆசிரியர் பற்றாக்குறை ஆண்டுக்கணக்கில் தீராமல், வான் கூலியையும் தாங்க முடிந்தால் நகரத்துக்கு அனுப்புங்கள். தோட்டத்தில் தரம் 5 வரைதான் என்றால், தரம் 6க்கான இடத்தை இப்போதே விசாரித்து வையுங்கள்.