திருகோணமலையில் மாமாவின் கல்குலேற்றரும் மணிக்கூட்டுக்கடை நானாவும்

கோணேசரைக் கும்பிட்டது, நிலாவெளியில் குளித்தது எல்லாம் வழமைபோலத்தான். எழுத வைத்தது மாமாவின் கல்குலேற்றர்.

மாமா ஓய்வுபெற்ற நில அளவையாளர். 1983இல் வெளிவந்த எச்பி 41சிஎக்ஸ் ஒன்று இன்னும் அவருடைய மேசையில் இருக்கிறது. சமன் பட்டனே இல்லாத சாமான். எண்களைக் கொடுத்த பிறகுதான் கூட்டு, கழி என்று சொல்ல வேண்டும். இப்போது அதில் அவர் கோணமும் தூரமும் போடுவதில்லை. உள்ளே மணிக்கூடும் அலாரமும் இருப்பதால் பிரஷர்க் குளிசைக்கு அதுதான் கூப்பிடும். மேசையிலிருந்து விழுந்த பிறகு கணக்கெல்லாம் சரி, பழைய புரோகிராம்களும் ஓடுகின்றன, மணிக்கூடு மட்டும் நின்றுவிடும். தட்டினால் கொஞ்சம் ஓடும். மனுசன் இரவுக் குளிசையை விட்டுவிட்டார். போனில் அலாரம் வைத்துத் தாறன் என்றால், "உன்ர போனை நீயே வைச்சிரு."

பளபளவென்று ஏசி போட்ட ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பெடியன் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அங்கிள், இதுக்குப் பாட்ஸ் வராது. புதுசு எடுங்கோ." ரொறொன்ரோவில் நாள்தோறும் கேட்கிற வசனத்தை இங்கேயும் வந்து கேட்க எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. குடைக்கம்பி கூடத் திருத்தின ஊரப்பா இது!

ஓட்டோத் தம்பிதான் ஒழுங்கைக்குள் மணிக்கூடு திருத்துகிற நானாவைக் காட்டினான். போனால் கடை பூட்டு, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. சரி. மறுநாள் போனால் தேத்தண்ணிக்குப் போய்விட்டாராம். கனடாவில் என்றால் நேரம் குறித்து, படிவம் நிரப்பி, பார்ப்பதற்கே காசு கட்டியிருப்பேன். அந்த வெயிலுக்குள் நிற்கும்போது படிவமே மேல் என்றிருந்தது.

வந்தவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "கணக்கு ஓடுதா தம்பி?"

"ஓடுது நானா."

"அப்ப மூளை சரி. நாடிதான் விட்டுவிட்டு அடிக்குது."

அதேதான். இந்த மெசினில் கணக்குப் போடுகிற பகுதியின் துடிப்பு வேறு, மணிக்கூட்டின் துடிப்பு வேறு. மணிக்கூட்டுக்கு 32,768 ஹேர்ட்ஸ் குவார்ட்ஸ் கிறிஸ்ரல், கைமணிக்கூட்டில் இருக்கிற அதே அளவு. 15 தரம் பாதியாக்கினால் செக்கனுக்கு ஒரு துடிப்பு வந்துவிடும். கிறிஸ்ரல் இருக்கிற சின்னக் குழாய்க்குள் மெல்லிய கவை ஒன்று, விழுந்தால் தாங்காது.

றப்பர்க் கால்களை உரித்து அடியில் இருந்த ஆணிகளைக் கழற்றினார். ஆணி பிடிக்கிற பிளாஸ்ரிக் தூண்கள் வயது போனால் வெடிக்கும். சொல்லாமலே அதைக் கவனித்தார். செத்துப்போன சுவர் மணிக்கூடு ஒன்றிலிருந்து கிறிஸ்ரலை எடுத்து ஒட்டினார். முந்நூறு ரூபாய். துண்டுமில்லை, உத்தரவாதமுமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நாளுக்குச் சில செக்கன் முந்தி ஓடியது. கிறிஸ்ரலும் மெசினின் மின்சுற்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அப்படித்தான். நானாவிடம் திரும்பப் போகவா என்று கேட்டேன், மாமா சிரித்தார். 'கரெக்ற்' என்று ஒரு கட்டளை இருக்கிறதாம். ரெண்டு மூன்று நாள் விட்டுச் சரியான நேரத்தைக் கொடுத்தால், எவ்வளவு பிசகினது என்று மெசினே கணித்து இனிமேல் கழித்துக்கொள்ளுமாம். அந்தச் சரியான நேரத்துக்கு மட்டும் என்னுடைய போனைக் கேட்டார்.

இப்போது ஒரே கரைச்சல் பற்றறி. 'என்' சைஸ் நான்கு வேண்டும், திருகோணமலையில் நான் கேட்ட கடை எதிலும் இல்லை. அந்தப் பக்கம் போறவை யாராவது இருந்தால் சொல்லுங்கோ, ஒரு பெட்டி தந்துவிடுறன்.