டாகா புதுப்பிக்கக் கொடுத்தீர்களா? உங்கள் பெயரில் எந்தப் படிவம் போனது என்று பாருங்கள்

அமெரிக்காவுக்குச் சிறுவயதில் கூட்டிவரப்பட்டு, ஆவணம் இல்லாமல் வளர்ந்தவர்களுக்காக 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அரசு அறிவித்த, நாடுகடத்தலைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கும் திட்டம்தான் டாகா (வங்கதேசத்து டாக்கா அல்ல). இதில் கிடைக்கும் வொர்க் பெர்மிட் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லட்சக்கணக்கானோர் புதுப்பித்தாக வேண்டும். அந்த அவசரத்தை நம்பித்தான் “இமிகிரேஷன் சர்வீஸ்” பலகை மாட்டிய கடைகள் பல பிழைக்கின்றன. அதிகப் பணம் பறித்தால் அது பண நஷ்டத்தோடு போகும். உங்களுக்கே தெரியாமல் வேறொரு படிவத்தை உங்கள் பெயரில் அனுப்பிவிட்டால் அப்படிப் போகாது.

அது நடக்கும் விதம் இது. “இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏன் அலைகிறாய், டாகாவை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள், நிரந்தரமாக ஒன்று செய்து தருகிறேன்” என்று பேச்சு ஆரம்பிக்கும். சில கடைகளில் இதற்குப் “பத்து வருட விசா” என்று பெயர். அப்படி ஒரு விசா கிடையாது. நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். உள்ளே போவது ஐ-589, அதாவது அடைக்கல விண்ணப்பம். சில மாதங்களில் கையில் ஒரு வொர்க் பெர்மிட் வரவும் வரும். ஆள் நன்றி சொல்லி இனிப்புப் பெட்டியோடு போவார். அட்டையில் ‘வகை’ என்ற இடத்தில் டாகாவுக்கான சி33-க்குப் பதில், அடைக்கலம் கேட்டவருக்கான சி08 என்று இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதன் பிறகு நேர்காணலுக்கு அழைப்பு வரும். அங்கே ஏற்கப்படாவிட்டால், வேறு சட்டபூர்வ அந்தஸ்து இல்லாதவரின் வழக்கு நேராகக் குடிவரவு நீதிமன்றத்துக்குப் போய்விடும், நாடுகடத்தும் வழக்காக. விண்ணப்பம் தெரிந்தே இட்டுக்கட்டியது என்று நீதிபதி முடிவு செய்தால், குடிவரவுச் சலுகைகளுக்கு வாழ்நாள் தடையே வரலாம். கதையை எழுதியது கடைக்காரர்தான், ஆனால் கீழே உள்ள கையெழுத்து உங்களுடையது.

உண்மையான புதுப்பித்தலுக்குப் போக வேண்டியவை மூன்றே படிவங்கள்: ஐ-821டி (டாகா கோரிக்கை), ஐ-765 (வொர்க் பெர்மிட் விண்ணப்பம்), ஐ-765டபிள்யூஎஸ் (அதனோடு போகும் வரவு செலவு விவரம்). ஐ-765-ல் வகையைக் கேட்கும் இடத்தில் சி33 என்று வர வேண்டும். படிவங்கள் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடிவரவுச் சேவைத் துறை) தளத்தில் இலவசம், படிவத்துக்கே காசு கேட்பவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம் ஆன்லைனில் 555 டாலர், தபாலில் அனுப்பினால் 605 டாலர். கைரேகைக்குத் தனியாக எதுவும் கட்ட வேண்டாம். “பெறுபவர் பெயரை எழுதாமல் மணி ஆர்டர் எடுத்து வா” என்பது பழைய தந்திரம். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு தபால் விண்ணப்பத்துக்கும் காசோலை, மணி ஆர்டர் பொதுவாக வாங்குவதில்லை; கார்டு அல்லது வங்கிக் கணக்குதான். இன்னும் மணி ஆர்டர் கேட்டால் அது யார் பைக்குப் போகிறது என்று நீங்களே ஊகிக்கலாம். அரசாங்கம் போனில் கூப்பிட்டுப் பணம் கேட்காது, கிஃப்ட் கார்டும் கேட்காது.

இரண்டாவது கெடுதல் வெறும் சோம்பலால் வருவது. காலாவதி நாளுக்கு 150 முதல் 120 நாள் முன்பே அனுப்பச் சொல்கிறது யுஎஸ்சிஐஎஸ். கடைக்காரர் முழுப் பணத்தையும் வாங்கிவிட்டு “போட்டாச்சு” என்பார், கோப்பு மேசையிலேயே கிடக்கும். அல்லது பழைய பதிப்புப் படிவத்தில் அனுப்பியிருப்பார், மொத்தக் கட்டும் திரும்பி வந்திருக்கும். மற்ற சில வகைகளுக்கு விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலே பெர்மிட் தானாக நீட்டிக்கப்பட்ட ஒரு காலம் உண்டு. டாகாவுக்கு அந்த வசதி எப்போதும் இருந்ததில்லை. அட்டை முடிந்த மறுநாளே வேலைக்குப் போக முடியாது, சட்டவிரோதமாகத் தங்கிய நாட்களும் கணக்கில் ஏறத் தொடங்கும். காலாவதியாகி ஒரு வருடம் தாண்டினால் புதுப்பித்தல் என்ற பேச்சே இல்லை, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தின் 2021 ஜூலை 16 தீர்ப்புக்குப் பிறகு புதிய விண்ணப்பங்களை வாங்கி அடுக்கி வைக்கிறார்களே தவிர, முடிவு சொல்வதில்லை. ஒருவரின் சோம்பலுக்கு இன்னொருவரின் பிழைப்பு போகிறது.

எனவே பணம் கொடுக்கும்போதே சிலவற்றைக் கறாராகப் பேசிவிடுங்கள். ஆன்லைன் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் எண்ணில் திறக்கப்பட வேண்டும். தபால் முகவரி உங்கள் வீடாக இருக்க வேண்டும். கடை முகவரியைப் போட்டால் கைரேகை நாள், கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதம் எல்லாம் அவர் கைக்குப் போகும். அதைக் காட்டியே மறுபடி பணம் கறப்பார், பதில் போகாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நிரப்பியவர் யாரோ அவர் ‘தயாரித்தவர்’ பகுதியில் கையெழுத்திட வேண்டும். “அதெல்லாம் தேவையில்லை, நீயே போட்டதாக இருக்கட்டும்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வக்கீல் என்று சொல்பவர் உங்களுக்காக ஆஜராவதைத் தெரிவிக்கும் ஜி-28 படிவம் போடுவார், அவர் பெயர் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் (பார்) தேடல் பக்கத்தில் இருக்கும். வக்கீல் அல்லாதவர்களில் சட்ட ஆலோசனை சொல்லத் தகுதி, நீதித்துறை அங்கீகரித்த அமைப்புகளில் உள்ள அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளுக்கு மட்டுமே. நோட்டரி முத்திரை இதில் எதற்கும் ஆகாது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் ‘நொத்தாரியோ’ என்றால் பெரிய சட்டத்தகுதி. இங்கே நோட்டரி கையெழுத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். அந்தப் பெயர் மயக்கத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

நம் ஆட்களுக்கு வலை வேறு மாதிரி. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது, பிள்ளைகளுக்கு 21 வயது வரைதான்) வளர்ந்து 21 வயதை நெருங்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் “டாகா போட்டுவிடலாம்” என்கிறார்கள். 2012 ஜூன் 15 அன்று சட்டபூர்வ அந்தஸ்தில் இருந்தவருக்கு டாகா கிடையாது. எச்-4-ல் இருந்த பிள்ளை அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப்போகும். “பிள்ளைக்கும் எச்-4 ஈஏடி (வொர்க் பெர்மிட்)” என்பதும் பொய். 2015-ல் வந்த அந்த விதி சில எச்-1பி ஊழியர்களின் கணவன், மனைவிக்கு மட்டும். நிஜமாகப் பார்க்க வேண்டியவை ஐ-140 (கிரீன் கார்டுக்காக வேலை கொடுப்பவர் போடும் மனு) நிலுவையில் இருந்த நாட்களை வயதிலிருந்து கழிக்கும் கணக்கும், 21 ஆகும் முன்பே ஐ-539 (அந்தஸ்து மாற்ற விண்ணப்பம்) போட்டு எஃப்-1 மாணவர் அந்தஸ்துக்கு மாறுவதும். இப்படி வளர்ந்தவர்களுக்கு நிரந்தரமாகத் தங்க வழி செய்யும் டிரீம் ஆக்டுக்கு “முன்பதிவு” என்று பணம் கேட்பவர்களும் உண்டு. 2001-ல் முதலில் வந்த அந்த மசோதா இன்றுவரை சட்டமாகவில்லை, எதற்குப் பதிவு?

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஐ-797 ரசீதைக் கேளுங்கள். அதில் மூன்று எழுத்தும் பத்து இலக்கமுமாக ஒரு எண் இருக்கும். படிவ எண்ணும் அதே தாளில் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பிறகு அந்த எண்ணை யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் இட்டால் நிலவரம் தெரியும். உங்கள் ஏ-நம்பரை (குடிவரவுக் கோப்பில் உங்களுக்கென உள்ள எண்) குடிவரவு நீதிமன்றத்தின் தானியங்கித் தகவல் பக்கத்தில் இட்டு, வழக்கு ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீதிமன்றத் தேதியைத் தவறவிட்டால் நீங்கள் இல்லாமலேயே வெளியேற்ற உத்தரவு போடலாம். ரசீது தரவில்லையென்றால், தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் கோப்பின் நகலை யுஎஸ்சிஐஎஸ்ஸிடமே கேட்கலாம். ஐ-589 போயிருப்பது தெரிந்தால் நீங்களாக வாபஸ் கடிதம் எழுத வேண்டாம், அதற்கும் விளைவு உண்டு. தகுதியுள்ள வக்கீலிடம் கோப்போடு போங்கள். மாநில அட்டர்னி ஜெனரலிடமும் எஃப்டிசியிடமும் (நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் கூட்டாட்சி ஆணையம்) புகார் கொடுக்கலாம், உங்கள் குடிவரவு நிலை அதற்குத் தடையில்லை. கலிஃபோர்னியாவில் இமிகிரேஷன் கன்சல்டண்ட்டோடு போட்ட ஒப்பந்தத்தை 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அசல் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழை அவர் பிடித்து வைக்கவும் அங்கே சட்டம் இடம் தரவில்லை.