ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ்: நாகர்கோவில் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா?

ஜப்பான் போகிறோம் என்று சொன்னதும் விமான டிக்கெட்டுக்கு அடுத்து எல்லோரும் எடுக்கச் சொல்வது ஜப்பான் ரயில் பாஸ், அதாவது ஜேஆர் எனப்படும் ஜப்பான் ரயில்வேயின் பெரும்பாலான வண்டிகளில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறையும் போகும் சீட்டு. 2023 அக்டோபர் வரை அது நல்ல யோசனைதான். அதுவரை ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸ் 29,650 யென். அந்த மாதம் அதை ஒரேயடியாக 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். பழைய விலையை வைத்து எழுதிய பயணக் குறிப்புகள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பி வாங்கினால் கைக்காசு நட்டம்.

நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் போடும் திட்டம் இதுதான்: டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஒசாகா, ஒரு நாள் ஹிரோஷிமா. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் (புல்லட் ரயில்) முன்பதிவு இருக்கை சுமார் 14,000 யென். போய்வர 28,000. ஹிரோஷிமாவையும் சேர்த்து டோக்கியோவுக்கே திரும்பினால் மொத்தம் 45,000 யென் அளவில் நிற்கும். பாஸ் விலையை எட்டவே எட்டாது.

பாஸ் லாபம் தரும் வழி ஒன்று உண்டு. டோக்கியோவிலிருந்து கனஸாவா, அங்கிருந்து கியோட்டோ, பிறகு ஹிரோஷிமா, மறுபடி டோக்கியோ, எல்லாம் ஏழு நாளுக்குள். அப்போது தனி டிக்கெட் கணக்கு 50,000 யென்னைச் சற்றே தாண்டும். வயதான அப்பா அம்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அந்த ஓட்டம் ஓட வேண்டுமா என்று யோசியுங்கள். எங்கள் பரிந்துரை, வேண்டாம்.

பாஸில் இன்னொரு குறை, நொசோமி. டோக்கியோ–ஹிரோஷிமா தடத்தில் வேகமானதும் அடிக்கடி ஓடுவதும் இந்த வண்டிதான். பாஸை மட்டும் காட்டி இதில் ஏற முடியாது. டோக்கியோ–கியோட்டோவுக்கு 4,960 யென், டோக்கியோ–ஹிரோஷிமாவுக்கு 6,500 யென் கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்ட மனமில்லை என்றால் சற்று மெதுவான ஹிகாரி வண்டி. கியோட்டோவுக்கு நொசோமி இரண்டேகால் மணி நேரம், ஹிகாரி இரண்டே முக்கால் அளவில். அது பெரிய வித்தியாசமில்லை. ஹிரோஷிமாவுக்குத்தான் சங்கடம்: நொசோமி நேராக நான்கு மணி நேரத்தில் சேர்க்கும், ஹிகாரியில் போனால் ஷின்-ஒசாகா பக்கம் இறங்கி சகுரா என்ற இன்னொரு வண்டியைப் பிடிக்க வேண்டும், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். (எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத்துக்கு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து பழகிய நமக்கு இதுவும் வேகம்தான். ஆனால் 50,000 யென் கொடுத்த பிறகு மெதுவான வண்டியில் ஏன் போக வேண்டும்?)

நாட்கணக்கும் கவனிக்க வேண்டியது. ஏழு நாள் என்பது காலண்டர் நாள், 24 மணி நேரக் கணக்கில்லை. இரவு எட்டு மணிக்கு டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி அன்றே பாஸைத் தொடங்கினால் ஒரு நாள் போயிற்று. பாஸ் கைக்கு வருவது சிறிய காந்த டிக்கெட்டாக. வாசல் இயந்திரத்தின் துளையில் விட்டால் மறுமுனையில் எட்டிப் பார்க்கும், மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். தொலைத்தால் மறுபடி தரமாட்டார்கள். வாங்கும்போது ஒவ்வொருவரின் அசல் பாஸ்போர்ட்டும் வேண்டும். நகல் செல்லாது.

இதற்குப் பதிலாக நாங்கள் சொல்வது: டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புங்கள். திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக இப்படி எடுக்கலாம். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும், அதற்கு விசா தேவைப்படலாம். டோக்கியோ–கியோட்டோ ஒரு வழி மட்டும் 14,000 யென். அதன் பிறகு மேற்கு ஜப்பான் ரயில் கம்பெனியான ஜேஆர் வெஸ்ட் விற்கும் கான்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸ், தொடர்ந்து ஐந்து நாளுக்கு 17,000 யென். ஆக 31,000. இரண்டு பெரியவர், எட்டு வயதுக் குழந்தை ஒன்று என்றால் ஜப்பான் ரயில் பாஸ் 1,25,000 யென், இந்த வழி 77,500 யென். மிச்சம் 47,500 யென். யென்னுக்கு 60 காசு என்று வைத்தால் 28,500 ரூபாய். 6 முதல் 11 வயது வரை பாதி விலை. (டிக்கெட் எடுக்கும் நாளில் எல்லா விலையையும் ஒருமுறை சரிபாருங்கள்.)

இந்த ஏரியா பாஸில் ஷின்-ஒசாகா–ஹிரோஷிமா நொசோமியிலேயே கூடுதல் பணம் கட்டாமல் போகலாம். ஹிமேஜி கோட்டை, நாரா, கான்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா ரயில் எல்லாம் அடக்கம். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கியோட்டோவிலிருந்து ஷின்-ஒசாகா வரை ஷின்கான்சென் இந்த பாஸில் இல்லை, அது வேறு கம்பெனியின் தடம். கியோட்டோவில் சாதாரண நடைமேடைக்குப் போய் ஷின்-கைசொகு என்ற விரைவு ரயிலைப் பிடியுங்கள். 25 நிமிடத்தில் ஷின்-ஒசாகா, அங்கே நொசோமிக்கு மாறிக்கொள்ளலாம்.

மியாஜிமா தீவுக்குப் போகும் ஜேஆர் படகும் இதில் சேர்த்தி, பத்து நிமிடம்தான். 100 யென் தீவு வரி மட்டும் கையிலிருந்து. கடலுக்குள் நிற்கும் இட்சுகுஷிமா ஆலயத்தின் செந்நிறத் தோரண வாசலைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம், ஆகவே ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். குமரியில் முன்பெல்லாம் நீர்மட்டம் இறங்கினால் வள்ளுவர் சிலைக்குப் படகை நிறுத்துவார்கள் இல்லையா, அங்கே காட்சியே மாறிவிடும். நீர் ஏறினால் வாசல் மிதப்பது போல நிற்கும். வற்றினால் சேற்றில் நடந்து அதன் தூண் அடிவரை போகலாம். முடிந்தால் இரண்டையும் பார்க்கும்படி அரை நாள் ஒதுக்குங்கள்.

கியோட்டோ ஊருக்குள் எந்த ரயில் பாஸும் அரைகுறைதான். ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்கு ஜேஆர் இனாரி நிலையம் வாசலிலேயே இருக்கிறது. அரஷியாமாவுக்கும் ஜேஆர் உண்டு. நிஜோ கோட்டைக்கு ஜேஆர் நிஜோவில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையை ரசித்தவர்கள் நிஜோவை விட்டுவிடக் கூடாது. அங்கே கூடத்துப் பலகையில் கால் வைத்தால் அடியில் இருக்கும் இரும்புக் கவ்வியும் ஆணியும் உரசி, குருவி கத்துவது போலக் கீச்சிடும். கின்ககுஜி, கியோமிசு கோயில்களுக்கு நகரப் பேருந்து, எங்கே இறங்கினாலும் 230 யென். அதற்கு இகோகா அல்லது சுய்கா என்ற, பணம் ஏற்றித் தட்டும் அட்டை இருந்தால் எளிது. இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் சுய்கா ஏறாது. அட்டையாகவே வாங்குங்கள், ஐபோனில் ஏறும்.

தேதிதான் நம்மவர்கள் அதிகம் தவறும் இடம். பள்ளி விடுமுறை என்று ஏப்ரல் கடைசியில் கிளம்பினால் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான கோல்டன் வீக் என்ற ஜப்பானின் விடுமுறைக் காலத்தில் மாட்டுவீர்கள். அந்த நாட்களில் நொசோமியில் எல்லாம் முன்பதிவு இருக்கை, பொதுப் பெட்டியே கிடையாது. மே இரண்டாம் வாரம் நல்லது. ஜூனில் மழை.

பெட்டியையும் அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், டோக்கியோ–ஹிரோஷிமா தடத்தில் பெரிய பெட்டிக்கு இடமுள்ள இருக்கையை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, எடுக்காமல் ஏறினால் 1,000 யென். 28 அங்குலப் பெட்டி சக்கரத்தையும் சேர்த்தால் எல்லையை ஒட்டி நிற்கும். வீட்டிலேயே டேப் வைத்துப் பாருங்கள்.

தனி டிக்கெட்டை ஸ்மார்ட்-இஎக்ஸ் செயலியில் எடுக்கலாம், முன்னதாக எடுத்தால் சில வண்டிகளில் தள்ளுபடியும் உண்டு. அதற்கு முன் உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். பணம் போகாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். இருக்கை தேர்வில் டோக்கியோவிலிருந்து போகும்போது இ வரிசை ஜன்னல். கிளம்பி முக்கால் மணி நேரத்தில், ஷின்-ஃபூஜி நிலையத்தை ஒட்டி வலப்பக்கம் ஃபூஜி மலை தெரியும். வெயில் ஏறினால் மேகம் மூடிக்கொள்ளும், காலை வண்டியாகப் பாருங்கள்.