சிவப்பை நம்பாதீர்கள்: ஊசியிலைக் காட்டின் மூன்று ஃபிஞ்ச்கள்

பனி படிந்த ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் உச்சியில் செங்கல் நிறக் குருவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது சிவப்பு கிராஸ்பில்லா, வெண்சிறகு கிராஸ்பில்லா (கிராஸ்பில் என்றால் அலகு நுனிகள் குறுக்காகப் பின்னிய பறவை), பைன் குரோஸ்பீக்கா? மூன்றின் ஆண்களும் சிவப்புதான். கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா என வடக்குக் காடுகளில் மூன்றுமே வாழ்கின்றன. பறவைக் கையேட்டின் வண்ணப் படத்தில் தொடங்குபவர் அங்கேயே சிக்கிக்கொள்வார். பெட்டைகள் வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் சிவப்பே கிடையாது. கிராஸ்பில் பெட்டைகள் மங்கிய மஞ்சள் கலந்த பச்சை, குரோஸ்பீக் பெட்டை சாம்பல் உடலும் மஞ்சள் தோய்ந்த தலையுமாக இருக்கும்.

அடுத்து எல்லோரும் தேடுவது சிறகுப் பட்டை. இரண்டு கிராஸ்பில்களைப் பிரிக்க இது நல்ல வழி. வெண்சிறகு கிராஸ்பில்லின் கருத்த சிறகில் இரண்டு அகன்ற வெள்ளைப் பட்டைகள் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். சிவப்பு கிராஸ்பில்லின் சிறகு வெறும் பழுப்பு. ஆனால் குரோஸ்பீக்குக்கும் இரண்டு வெள்ளைப் பட்டைகள் உண்டு. எனவே பட்டையைப் பார்த்ததும் பெயரை எழுதிவிடக் கூடாது. உடலளவையும் பாருங்கள்: கிராஸ்பில்கள் ஏறக்குறைய 15 முதல் 17 செ.மீ., குரோஸ்பீக் 20 செ.மீ.க்கு மேல், வாலும் நீளம். சுபாவமும் வேறு. குரோஸ்பீக் ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாது; நிதானமாக மொட்டுகளையும் ரோவன் பழங்களையும் தின்றுகொண்டிருக்கும். அதன் அலகு குட்டையானது, கருப்பு, நுனி வளைந்தது, ஆனால் கிராஸ்பில்லின் அலகைப் போலக் குறுக்காகப் பின்னாதது. இத்துடன் அதை ஒதுக்கிவிடலாம்.

மிச்சமிருக்கும் இரண்டிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கிராஸ்பில் ஒன்று ஊசியிலை மரத்தின் விதைகள் அடங்கிய கூம்பைக் காலால் பற்றிக்கொண்டு, பின்னிய அலகு நுனிகளைச் செதிலுக்கு அடியில் செருகுகிறது. அலகைக் கடிக்கும்போது பின்னிய நுனிகள் தள்ளிச் செதில் விலகுகிறது. நாக்கு உள்ளே போய் விதையை வெளியே எடுக்கிறது. வெண்சிறகு கிராஸ்பில் ஒரு நாளில் 3,000 விதைகள் வரை தின்னும். விதை மட்டும் கிடைத்தால் போதும், கடுங்குளிரிலும் கூடு கட்டிவிடும்.

எந்த அலகு எந்தக் கூம்புக்கு என்பதில்தான் வாழிடத்தின் சூட்சுமம் இருக்கிறது. வெண்சிறகின் அலகு மெலிந்தது. வட அமெரிக்காவில் ஸ்ப்ரூஸ், டமராக் (ஒருவகை லார்ச் மரம்) போன்றவற்றின் மெல்லிய செதில் கூம்புகளை நாடும். அதனால் 'ஸ்ப்ரூஸ் என்றால் வெண்சிறகு, பைன் என்றால் சிவப்பு' என்று ஒரு சுருக்க விதி சொல்வார்கள். இந்த விதி பாதிதான் உதவும். வட ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் சிவப்பு கிராஸ்பில்லின் மரம். வெண்சிறகு அங்கே லார்ச் மரத்தைத் தேடிப் போகிறது. பைன் கூம்பை உடைக்கத் தடித்த அலகுடைய கிளி கிராஸ்பில் என்று தனி இனமே இருக்கிறது. மரத்தை அடையாளம் காணத் தெரியாதவர் இந்தப் பறவையையும் பாதிதான் அறிவார் என்பது என் கருத்து.

சிவப்பு கிராஸ்பில் என்ற பெயரே ஒரு கூட்டுக் குடும்பம். வட அமெரிக்காவிலேயே இதை, பறக்கும்போது எழுப்பும் 'ஜிப் ஜிப்' குரலை வைத்துப் பல வகைகளாகப் பிரிக்கிறார்கள். கண்ணால் பிரிப்பது வீண் முயற்சி. குரலைப் பதிவுசெய்து அதன் ஒலிவரைபடத்தைப் பார்ப்பதே வழி. அப்படிப் பிரிந்த ஒன்று, இடாஹோ மாநிலத்தின் காசியா கிராஸ்பில், 2017இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. அது வாழும் மலைகளில் கூம்பு விதைகளைத் தின்னும் பைன் அணில்கள் இல்லை. போட்டிக்கு அணில் இல்லாததால் லாட்ஜ்போல் பைன் கூம்புகள் இந்தப் பறவையை எதிர்த்தே தடித்தன. பறவையின் அலகும் ஈடுகொடுத்துத் தடித்தது. அதன் அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லுக்கே 'அணில் இல்லாத' என்றுதான் பொருள்.

இன்னொரு பொறி. கிராஸ்பில் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவரும்போது அதன் அலகு நேராகவே இருக்கும். வளர வளரத்தான் பின்னும். கூட்டைவிட்டு அப்போதுதான் வெளியே வந்த, உடலெங்கும் கோடு கோடாக இருக்கும் இளம்பறவையைச் சிஸ்கின் (கோடு கோடான வேறொரு சிறிய ஃபிஞ்ச்) என்று எழுதிவிடுவது எளிது. அவசரப்படாமல் அதே கிளையைக் கவனித்துக்கொண்டிருங்கள். இரை ஊட்ட வரும் பறவையின் அலகைப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறக்கலாம்.