பசுவுக்கு எள்ளுப் புண்ணாக்கா, தேங்காய்ப் புண்ணாக்கா?

யாழ்ப்பாணத்தில் வீட்டில் பசு வளர்ப்பவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் இருப்பது இந்த இரண்டும்தான். நான் இப்போது எள்ளின் பக்கம். காசு கொஞ்சம் கூடப் போகும். புரதம் தேங்காயைவிட ஏறத்தாழ இரட்டிப்பு. இது எல்லாருக்கும் தெரிந்ததே.

பேச வேண்டியது கொழுப்பைப் பற்றி. செக்கில் ஆட்டிய புண்ணாக்கை இரவு வாளியில் ஊறப்போட்டால், காலையில் மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கும். அவ்வளவு எண்ணெய் அதில் தங்கியிருக்கிறது. நல்லெண்ணெய் உறையாதே, அதைத் தின்ற பசுவின் நெய்யும் இளகித்தானே போகும் என்று கேட்பவர்கள் உண்டு. கோழிக்கும் பன்றிக்கும் அந்தக் கணக்குச் சரி. அசைபோடும் மாட்டுக்குச் சரிவராது.

நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 வீதம் லினோலெயிக் அமிலம் என்ற உறையாத கொழுப்பு. அது பக்டீரியாக்களுக்கு நஞ்சு. ஆகவே முதல் இரைப்பையில் இருக்கும் பக்டீரியாக்கள் எண்ணெயைப் பிரித்து, அதில் ஐதரசன் ஏற இடம் உள்ள இரட்டைப் பிணைப்புகளில் ஐதரசனை ஏற்றி, பெரும்பகுதியை உறையும் கொழுப்பான ஸ்டியரிக் அமிலமாக்கி விடுகின்றன. மடியில் உள்ள நொதியம் அதில் ஒரு பகுதியைத் திரும்ப இளகிய ஒலெயிக் அமிலமாக மாற்றும். பாதி வழியில் தப்பி வரும் வக்சீனிக் அமிலத்தையும் அதே நொதியம் ருமெனிக் என்ற இன்னோர் இளகிய அமிலமாக்கும். நெய் உறையும், ஆனால் கல்லாகாது.

தேங்காய்க் கொழுப்பில் ஏறத்தாழ பாதி லோரிக் அமிலம், அடுத்தது மிரிஸ்டிக். இரண்டும் ஏற்கெனவே நிரம்பியவை. பக்டீரியாவுக்கு அங்கே ஐதரசன் ஏற்ற இடமில்லை, அப்படியே பாலில் வந்து சேரும். மிரிஸ்டிக் கெட்ட கொலஸ்திரோலை ஏற்றும் சாமான். வீட்டில் இருதய வருத்தக்காரர் இருந்தால் யோசிக்கத்தான் வேண்டும்.

சரி, எள்ளில் சிக்கலே இல்லையா? இருக்கிறது, அது நார்த்தீனி குறையும்போது. தவிடும் புண்ணாக்கும் கூடி, புல்லும் வைக்கோலும் குறைந்தால் இரைப்பையில் புளிப்பு ஏறும். அப்போது அதே லினோலெயிக் வேறு பாதையில் மாறும். அந்தப் பாதையில் உண்டாகும் ஓர் அமிலம் மடியில் கொழுப்பு உருவாவதையே அடக்கிவிடும். பால் அளவு குறையாது, கொழுப்பு மட்டும் விழும். கொழுப்புப் பார்த்துக் காசு தரும் இடத்தில் பால் ஊற்றுபவர்களுக்கு அது நேரடி நட்டம். எந்தப் புண்ணாக்கானாலும் தீனியின் உலர் நிறையில் மொத்தக் கொழுப்பு 6, 7 வீதத்தைத் தாண்டினால் நார் சமிப்பதும் கெடும்.

அதனால் ஆவணி வெயிலில் புல் காய்ந்து, பனையோலை கிழித்துப் போடவும் ஆளில்லை என்றால், அந்த மாதங்களுக்கு லினோலெயிக் குறைந்த தேங்காய்தான் பயமில்லாதது. மழை வந்து புல் தழைத்ததும் எள்ளுக்குத் திரும்பலாம்.

ஆட்டுக்கு எள்ளுப் புண்ணாக்கு நான் வைத்துப் பார்த்தது குறைவு. எண்ணெய் கூடினாலும் ஆட்டுப்பாலில் கொழுப்பு பசுவைப்போல் சுலபத்தில் விழுவதில்லை என்பது ஆய்வுகளில் கண்டது. வேலியில் கிளுவைக் குழை தாராளமாக இருப்பவர்கள் கொஞ்சமாகத் தொடங்கிப் பார்க்கலாம்.