மணலுக்கு ஒரு விதி, பாறைக்கு ஒரு விதி: பொது நிலத்தில் ஆஃப்ரோடு வண்டிகள்

அமெரிக்காவில் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. அதில் ஜீப், ஏடிவி என்ற தடித்த டயர் நாற்சக்கர வண்டி, டர்ட் பைக் என்று சாலையை விட்டு மண்ணிலும் பாறையிலும் ஏறும் ஆஃப்ரோடு வண்டிகள் ஓடலாமா என்ற சண்டை ஐம்பது வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. 1972-ல் அதிபர் நிக்சன் ஓர் ஆணை போட்டார். எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று வகுத்துச் சொல்லுங்கள். மண்ணுக்கும் விலங்குகளுக்கும் வரும் சேதத்தையும், மற்ற பயணிகளோடு வரும் உரசலையும் குறையுங்கள் என்றது அது. அப்படிப் பிறந்தவைதான் முழுத் திறப்பு, குறித்த பாதை மட்டும், முழு மூடல் என்ற மூன்று வகைகள். இந்த நிலங்கள் வண்டிகளுக்குத் திறந்தே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எல்லா நிலத்துக்கும் ஒரே வகைத் திறப்பு பொருந்தாது.

முழுத் திறப்புக்குச் சிறந்த உதாரணம் கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கும் இம்பீரியல் மணற்குன்றுகள். நாற்பது மைலுக்கு மேல் நீளம். சில குன்றுகள் 300 அடி உயரம். சுமார் 1,27,000 ஏக்கரில் பாதை என்று எதுவும் கிடையாது, எந்தப் பக்கமும் ஏறி இறங்கலாம். குன்றுக்கு அந்தப் பக்கம் வருபவர் கண்ணில் படுவதற்காக வண்டியில் உயரமான கொடி கட்ட வேண்டும், சீசனில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். முழுத் திறப்பு இங்கே எடுபடக் காரணம் காற்று. ஓடும் மணலில் டயர் தடத்தைக் காற்றே அழித்துவிடும். அழியாத சேதம் செடிக்குத்தான். பியர்சன் மில்க்வெட்ச் என்ற அவரைக் குடும்பச் செடி 1998-ல் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. வழக்கு வந்தது, 2000-ல் சுமார் 49,000 ஏக்கரைத் தற்காலிகமாக மூடினார்கள். பணியகத்தின் 2013 திட்டத்தில் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது, செடியின் முக்கிய வாழிடம் மட்டும் மூடியே இருக்கிறது. நெடுஞ்சாலை 78-க்கு வடக்கே உள்ள குன்றுகளில் பெரும்பகுதியில் வண்டிக்கே இடமில்லை. எனக்கு இந்தப் பங்கீடு நியாயமாகவே படுகிறது.

யூட்டாவின் மோவாப் வட்டாரம் வேறு கதை. அங்கே பாறைகளுக்கு இடையில் இருக்கும் மண்மேல் கருத்து, கரடுமுரடாக ஒரு மேலோடு படர்ந்திருக்கும். சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிருள்ள ஓடு அது. ஒரு டயர் ஏறினால் நொறுங்கிவிடும், முழுதாக மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். இம்பீரியல் பாணித் திறப்பை இங்கே யாரும் கேட்கக் கூடாது. குறித்த பாதைதான் சரி.

எந்தப் பாதை என்பதில்தான் தகராறு. 2023 செப்டம்பரில், மோவாபுக்கு அருகே கிரீன் ஆறு ஓடும் லேபிரிந்த் கேன்யன் பள்ளத்தாக்குப் பகுதியில் 317 மைல் தடங்களை மூட உத்தரவு வந்தது. சுமார் 810 மைல் திறந்தே விடப்பட்டது. வண்டிக்காரர் அமைப்புகள் வழக்குப் போட்டன. எண்ணிக்கையைப் பார்த்தால் பெரும்பகுதி மிஞ்சியிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் மைல் கணக்கு இங்கே ஏமாற்றும். ஒரே இடத்துக்குப் போகும் இரண்டு தடங்களில் ஒன்றை மூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போகும் ஒரே தடத்தை மூடினால், நடக்க முடியாத முதியவருக்கும் மாற்றுத் திறனாளிக்கும் அந்த இடமே இல்லாமல் போகிறது. கீழே கிரீன் ஆற்றில் அமைதியைத் தேடிப் படகில் வருபவர்களின் குறையும் உண்மையானதுதான். ஆற்றங்கரைத் தடத்தை அவர்களுக்காக விட்டுக்கொடுக்கலாம், விளிம்புத் தடத்தை விடக் கூடாது.

மூன்றாவதாக மேற்கு வர்ஜீனியாவின் ஹாட்ஃபீல்டு-மெக்காய் பாதைகள். 2000-ல் தொடங்கி இன்று ஆயிரம் மைலைத் தாண்டியவை. ஆனால் பெரும்பாலும் தனியார் கம்பெனி நிலத்தில் ஓடுபவை, அதனால் பொது நிலத்துக்கு நேரடி முன்மாதிரி ஆகாது. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஓட்டுபவர் சீட்டு வாங்குகிறார், தலைக்கவசம் போடுகிறார், பாதையைப் பராமரிக்க ஆள் இருக்கிறது. கலிஃபோர்னியா 1971 சட்டத்திலேயே இதற்கு வழி செய்துவிட்டது. வண்டிப் பதிவுக் கட்டணமும் பெட்ரோல் வரியில் ஒரு பங்கும் தனி நிதியில் சேர்ந்து காவலுக்கும் பராமரிப்புக்கும் போகின்றன.

அப்புறம், திறந்த நிலம் நிலைத்து நிற்க வேண்டுமே. அதிகாரிகள் திறந்ததை அடுத்து வரும் அதிகாரிகள் மூடிவிடலாம். 2019-ல் நாடாளுமன்றம் போட்ட டிங்கெல் சட்டம் ஜான்சன் வேலி உட்பட கலிஃபோர்னியாப் பாலைவனத்தின் ஆறு பகுதிகளைத் தேசிய ஆஃப்ரோடு பொழுதுபோக்குப் பகுதிகளாக்கியது. அதே சட்டம் அதே பாலைவனத்தில் சுமார் 3.75 லட்சம் ஏக்கரை வண்டி நுழையாத காட்டுநிலமாகவும் அறிவித்தது. இரண்டு தரப்பும் ஒரே சட்டத்தில் ஆதாயம் கண்டன. மோவாப் வண்டிக்காரர்கள் வழக்கோடு நிற்காமல் இதே போன்ற சட்டத்தைக் கேட்க வேண்டும். விளிம்புத் தடங்களின் பட்டியலோடு, விட்டுக்கொடுக்கத் தயாராக உள்ள தடங்களின் பட்டியலையும் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும்.