வானுக்கு லிதியம் பற்றரி தேடுகிறவர்கள் கவனம்: என்னுடைய 1,42,500 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய ஹையேஸ் வானுக்குள் கட்டில், சின்ன ஃபிரிஜ், காஸ் அடுப்பு எல்லாம் வைத்துப் படுத்து எழும்பக்கூடிய மாதிரிச் செய்து வைத்திருக்கிறேன். நிலாவெளிக் கடற்கரையில் ஒரு குறையும் இல்லை. ஜனவரியில் நுவரெலியா போகலாம் என்று அம்மா ஆசைப்பட்டதால், குளிர் தாங்கும் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பற்றரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும் என்ற அளவு) லிதியம் பற்றரி ஒன்றை இணைய விளம்பரத் தளத்தில் பார்த்தேன். பற்றரி 1,35,000. ‘குளிர்நாட்டு காஸ்’ என்று மூன்று டின் 7,500.

விற்றவர் வீடியோ அழைப்பில் ஐஸ் பெட்டிக்குள் பற்றரியை வைத்து ஒரு பல்பை எரியவிட்டுக் காட்டினார். ஒரு பல்ப் எரிய எவ்வளவு கரண்ட் வேண்டும்? அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. “நானும் மூதூர்தான் அண்ணா, ஊர்க்காரரை ஏமாற்றுவேனா?” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக முழுக் காசையும் வங்கியில் போட்டேன்.

நுவரெலியாவில் அன்றிரவு 5 பாகை. சூடாக்கும் போர்வை, ஃபிரிஜ், ஒரு லைட், அவ்வளவுதான். விடியும்வரை தாங்க வேண்டிய பற்றரி இரண்டு மணிக்கு முன்பே படுத்துவிட்டது. அம்மாவுக்குத் தேநீர் வைக்கலாம் என்றால் அடுப்பில் சுடர் மெழுகுதிரி அளவுக்கு இறங்கிவிட்டது. டின்னைத் திருப்பிப் பார்த்தால் வெறும் பியூட்டேன். பூச்சியம் பாகையை நெருங்கினாலே அது ஆவியாக மறுக்கும். புரொப்பேன் என்றால் மறை 42 வரை தாக்குப்பிடிக்கும்.

திரும்பி வந்து அழைத்தேன். “மலைநாட்டுக் குளிருக்கு எந்தப் பற்றரியும் அப்படித்தான் அண்ணா.” அடுத்த நாள், “முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார்.” அதற்கடுத்த நாள், “தண்ணி பட்டால் வாரன்டி இல்லை, பனியும் தண்ணிதானே.” இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா? அப்புறம் வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும்தான்.

குளிர்தான் காரணமா என்று பார்த்துவிடுவோம் என்று, உவர்மலையில் சோலார் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். திருகோணமலை வெயிலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்த்தார். 41 ஏஎச். நிறை 6 கிலோ. உண்மையான 100 ஏஎச் என்றால் பெரும்பாலும் பத்துக் கிலோவைச் சுற்றி வரும். குளிராம்! 1,42,500 ரூபாய்!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. வாங்குமுன் பற்றரியைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பூச்சியத்துக்குக் கீழே லிதியத்துக்குச் சார்ஜ் ஏற்றினால் பற்றரியே கெட்டுவிடும், அப்போது சார்ஜைத் தானாக நிறுத்தும் வெட்டு உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். காஸ் டின்னின் எழுத்தை வாசியுங்கள். குளிருது என்று வான் கதவை இறுக்கி மூடி அடுப்பு எரிக்காதீர்கள், நச்சுவாயு ஆளையே கொல்லும். பொருள் கைக்கு வராமல் காசு போடாதீர்கள்.

விளம்பரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இப்போது 5,000 ரூபாய் குறைத்துப் போட்டிருக்கிறார்.